பூ வைக்க வந்தவர்கள்

வேன் புறப்படத் தயாராக நின்றது. மோனிஷா மட்டும் இன்னும் வரவில்லை.

சௌமியா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி விரல்களில் சுற்றிக்கொண்டாள். பதற்றம் வந்தால் அவள் கை தானாகச் செய்யும் வேலை அது. மஞ்சள் ஜெர்சியில் பெண்கள் வேனைச் சுற்றி நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாலாஜாபேட்டையில் இன்று மண்டல இறுதி ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி இருக்கும் இந்த அரசுப் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணி இவ்வளவு தூரம் வந்ததே கிடையாது. சௌமியா கோச்சாக வந்த புதிதில், 'பொட்டப்புள்ளங்களுக்கு ஃபுட்பாலா?' என்று கேட்டு அனுப்பாத வீடுகள்தான் அதிகம். ஒவ்வொரு வீடாகப் போய், ஒவ்வொரு அம்மாவிடமும் பேசி, தண்ணீர் பாட்டில்களை வரிசையாக நட்டுப் பயிற்சி கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் ஜெர்சிகளைத் தன் வீட்டு மொட்டை மாடியிலேயே துவைத்துக் காயப்போட்டு அவள் உருவாக்கிய அணி இது.

அதில் கோல் போடுகிறவள் மோனிஷா. பதினொன்றாம் வகுப்பு.

"மிஸ், அவ போன் ஆஃப்லயே இருக்கு" என்றாள் கோல்கீப்பர் புஷ்ரா, தலையில் கட்டிய ஸ்கார்ஃபை இறுக்கியபடி.

"நேத்து ப்ராக்டிஸ் முடிஞ்சு போறப்ப ஏதாச்சும் சொன்னாளா?"

புஷ்ரா தயங்கினாள். "'இனிமே மிஸ்ஸ தெனமும் பார்ப்பேன்'னு சொன்னா மிஸ். அப்புறம் அழுதா. இன்னாடின்னு கேட்டா ஒண்ணும் இல்லன்னுட்டா."

சௌமியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும்தானே பார்க்கிறாள்?

துணைக்கு வந்திருந்த கணக்கு டீச்சர் சுகரா பேகம் வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "அவ ஊர் மாதனூர் பக்கம்தான சௌமியா? போற வழிதான். வீட்டுலயே போய் ஏத்திக்கலாம், ஏறு."

வேன் நெடுஞ்சாலையில் ஏறியதும் சௌமியா கண்ணை மூடிக்கொண்டாள். ராத்திரி சரியான தூக்கமில்லை. போன வாரம் முழுவதும் வீட்டில் சண்டைதான். கொழுந்தன் வசந்துக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்துபோனதிலிருந்து மாமியார் மீனாம்பாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'இந்த மாசத்துக்குள்ள ஒரு பொண்ண முடிக்கல, அமிர்தி காட்டுக்குள்ள போய் உக்காந்துக்குவேன்' என்று செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். வெள்ளிக்கிழமை திடீரென்று முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் பார்க்கப் போகிறார்களாம்.

'எந்த ஊரு அத்தை?' என்று சௌமியா கேட்டாள்.

'நீ உன் மேட்ச்சுக்குப் போ. முடிஞ்சதும் சொல்றேன்' என்று பதில் வந்தது.

அவளும் விட்டுவிட்டாள். கணவன் பூவரசனுக்கு ஷூ கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடி, ஞாயிறும் ஷிப்ட். விடிகாலையிலேயே சாப்பாட்டுப் பையோடு கிளம்பிவிட்டான். 'ஜெயிச்சிட்டு வா' என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மாதனூரில் வேன் திரும்பி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் குறுகிய சாலையில் நுழைந்தது. மோனிஷாவின் தெரு முனையில் டிரைவர் நிறுத்தினார். "இதுக்கு மேல உள்ள போவாதும்மா. ஒரு கார் குறுக்க நிக்குது."

சௌமியா இறங்கி நடந்தாள்.

மோனிஷாவின் வீட்டு வாசலில் வாடகைக் கார் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் ஒரு பைக். ஹேண்டிலில் சாப்பாட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

பையின் ஓரத்தில் சௌமியா போட்ட தையல் இருந்தது.

அவள் நின்றுவிட்டாள்.

மனசு அவசரமாக ஒரு காரணத்தைத் தேடியது. மோனிஷாவின் அம்மாவும் பூவரசன் வேலை செய்யும் கம்பெனியில்தான் தையல் பிரிவில் இருக்கிறார். கம்பெனியில் ஏதோ விபத்து. சேதி சொல்லப் பூவரசன் வந்திருக்கிறான். காரில் யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் போகிறார்கள். அதனால்தான் மோனிஷா வரவில்லை. ஐயோ, பாவம் குழந்தை.

அப்படி நினைத்துக்கொண்டே ஓடி வாசற்படி ஏறினாள்.

உள்ளே பாய் விரித்திருந்தது. பாயின் நடுவில், நேற்றிரவு சௌமியா இஸ்திரி போட்டுக் கொடுத்த அரக்குப் பட்டுப் புடவையில், மாமியார் மீனாம்பாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வசந்த். அவனுக்கு அந்தப் பக்கம் பூவரசன். எதிரே தட்டுகள். வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், ஒரு புடவை, வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பூ.

காபி தம்ளர்கள் வைத்த தட்டோடு சமையலறைக் கதவிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். பச்சைப் பட்டுப் புடவை. தலை குனிந்திருந்தது. புடவைக் கரைக்குக் கீழே, முந்தாநாள் பயிற்சியில் உரசிய கணுக்காலில் சௌமியா ஒட்டிவிட்ட பிளாஸ்திரி தெரிந்தது.

பெண் நிமிர்ந்தாள்.

"மிஸ்!"

 சௌமியாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. மீனாம்பாளின் உதடுகள் அசைவது தெரிந்தது, வார்த்தைகள் சற்றுப் பொறுத்துத்தான் வந்து சேர்ந்தன.

"பார்த்தியா, அவளே வந்துட்டா! நல்ல நேரத்துலதான் வந்திருக்க சௌமியா. வா, உன் கையாலயே பூ வெச்சிடு."

பூவரசன் எழுந்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது. "சௌமியா, கொஞ்சம் வெளிய வா. பேசிக்கலாம்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. "அத்தை, இது மோனிஷா. என் டீம்ல ஆடற பொண்ணு."

"தெரியாமலா வந்தோம்?" மீனாம்பாள் சிரித்தாள். "நீதான வாய் ஓயாம சொல்லுவ. மோனிஷா மாதிரி பொண்ணப் பார்த்ததில்ல, வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டுத்தான் கிரவுண்டுக்கே வருவா, எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டான்னு. கறிகா நறுக்கிகினே கேட்டுகினுதான் இருந்தேன். இதவிட நல்ல பொண்ண நான் எங்க போய்த் தேடறது?"

சமையலறையில் நின்று, களைத்த மாலை வேளைகளில், யாராவது கேட்டால் போதும் என்று பேசிய பேச்சுகள். கோல்களைப் பற்றிப் பேசினால் மாமியாருக்குப் பிடிக்காது என்று, அந்தப் பெண்ணின் பொறுப்பைப் பற்றிச் சொன்னது.

சௌமியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அவளுக்கு பதினாறு வயசு."

"இன்னாது?"

கேட்டது வசந்த். ராணிப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவான். அவன் கையிலிருந்த தம்ளர் தண்ணீர் தளும்பி வேட்டியில் கொட்டியது. "பத்தொம்போதுன்னு சொன்னியேம்மா. காலேஜ் படிக்குதுன்னு சொன்னியே."

"ஒண்ணு ரெண்டு கம்மி ஜாஸ்தி இருக்கும். அதுக்கு இன்னா இப்போ? எனக்குத் தாலி ஏறினப்ப எனக்கு இன்னா வயசு? இன்னிக்கு பூ மட்டும்தான் வெக்கறோம். தையில கல்யாணம். அதுக்குள்ள பொண்ணு வளந்துடும்."

"இது கார்த்திகைம்மா" என்றான் வசந்த். 

மோனிஷாவின் அப்பா செந்தில்குமார் கதவோரம் நின்றிருந்தார். செங்கல் சூளைக்கு லாரி ஓட்டுகிறவர். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குழம்பிப்போய் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க அனுப்பின சம்பந்தம்தான இது? அம்மா அப்டித்தான சொன்னாங்க?"

"நானா?"

"நீங்கதான் எங்க பொண்ணு வேணும்னு கேட்டீங்கன்னாங்க. அதனாலதான் ஒத்துக்கினேன் டீச்சர். மூத்தவ போன வருஷம் ஒருத்தன்கூட போய்ட்டா. ஊர்ல தல நிமிந்து நடக்க முடியல. இவளாச்சும் நல்ல எடத்துல, டீச்சர் வீட்டுல இருக்கட்டும்னு..." அவர் குரல் உடைந்தது. "உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

 மோனிஷா பிடித்திருந்த தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. யாரோ தட்டை வாங்கிக்கொண்டார்கள்.

"நீங்க கேக்கலையா மிஸ்?"

"இல்லடா."

"உங்க வீட்டுக்கு வந்தா ஆடலாம், நீங்களே கிரவுண்டுக்குக் கூட்டிப் போவீங்கன்னு சொன்னாங்க. ஸ்கூல்ல உங்ககிட்ட இதப் பத்திப் பேசக் கூடாது, வெளிய தெரிஞ்சா உங்க வேல போய்டும்னு சொன்னாங்க. அதான் போன ஆஃப் பண்ணி வெச்சிட்டேன்." மோனிஷாவின் கண்மை கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. "வேணாம்னு சொல்லணும்னுதான் மிஸ் நெனச்சேன். ஆனா நீங்க கேட்டா எப்டி வேணாம்னு சொல்றது?"

இந்த மூன்று வருடங்களில் சௌமியா எதைக் கேட்டாலும் அந்தப் பெண் செய்திருக்கிறாள். காய்ச்சலோடு ஓடு என்றால் ஓடுவாள் என்று பயந்து, சௌமியாவே தொட்டுப் பார்த்து உட்கார வைத்த நாட்கள் உண்டு. அந்தக் கீழ்ப்படிதலை யாரோ எடுத்துத் தட்டில் வைத்துப் பூச்சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். தன் பேரைச் சொல்லி.

 அவள் குரல் எப்படியோ நேராக வந்தது. மைதானத்தில் வரும் குரல் அது.

"பூ வெக்கக் கூடாது. இது சட்டப்படி தப்பு. மோனிஷா அப்பா, நான் டீச்சர். தெரிஞ்சும் பேசாம இருந்தா நானும் குத்தவாளிதான். இதோட நிறுத்திக்கிட்டா சரி. இல்லன்னா நானே போன் பண்ணிச் சொல்ல வேண்டி வரும்."

"யார்கிட்ட சொல்லுவ?" மீனாம்பாள் எழுந்தாள். "உன் மாமியாரையும் புருஷனையும் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பியா? பந்து உதைக்கப் போறவளுக்கு வாயப் பாரு! இவனுக்கு ஒண்ணு நின்னு போனப்பவே எங்க மானம் போச்சு. இப்ப நீயே சபையில வந்து ரெண்டாவதையும் கெடுக்கறியா?"



அப்போது சமையலறைக்குள்ளிருந்து மோனிஷாவின் அம்மா வெளியே வந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். கையில் மகளுடைய விளையாட்டுப் பை. அதை சௌமியாவிடம் நீட்டினார்.

"இடது ஷூ முன்னாடி பிரிஞ்சிருந்தது டீச்சர். நேத்து தெச்சி வெச்சிட்டேன். ஆடிட்டு வரட்டும்."

"ஏய், உனக்கு இன்னா பைத்தியமா?" என்று செந்தில்குமார் கத்தினார்.

"பதினாறு வயசுப் பொண்ணு மேட்ச்சுக்குத்தான போவுது" என்றார் அந்த அம்மா. "மூத்தவளும் போய்ட்டா. இவளையும் அழ வெச்சி அனுப்ப என்னால ஆவாது."

சௌமியா மோனிஷாவின் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"இந்த வாசப்படி தாண்டினா என் வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று பின்னாலிருந்து மீனாம்பாளின் குரல் வந்தது.

சௌமியா தாண்டினாள்.

தெரு முனைக்கு வருவதற்குள் பூவரசன் ஓடி வந்து வழியை மறித்தான். வேன் ஜன்னல்கள் முழுக்க முகங்கள். மோனிஷாவை முன்னால் அனுப்பிவிட்டு சௌமியா நின்றாள்.

"உங்களுக்கு அவ வயசு தெரியும்."

"தெரியும்."

"ஷிப்ட்டுன்னு சொன்னீங்க."

"நீ ஒத்துக்க மாட்டன்னு தெரியும். அம்மா ஒரு வாரமா சரியா சாப்புடல சௌமியா. பேஜார் தாங்கல. கல்யாணத்த ரெண்டு வருஷம் தள்ளி வெச்சிக்கலாம்னு நான் சொல்லிகினுதான் இருந்தேன்."

"நான் கேட்டேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது யாரு? அத்தை சொன்னா அவ நம்பியிருக்க மாட்டா. என்கிட்ட கேட்டிருப்பா."

பூவரசன் தரையைப் பார்த்தான்.

"நீங்களா?"

"வியாழக்கெழம ஒரு தடவ வந்தேன். அம்மாதான் சொல்லச் சொன்னாங்க. நல்ல எடத்துக்குத்தான வர்றா, நம்ம வீட்டுக்குத்தானன்னு..."

வியாழக்கிழமை இரவு அவன் அவளுக்குக் காலில் தைலம் தேய்த்துவிட்டான். 'இந்தத் தடவ கப்ப தூக்கிடுவ பாரு' என்று சொன்னான். பதினொரு வருட வாழ்க்கையில் இப்படி ஒருவன் உள்ளே இருந்ததை அவள் பார்த்ததே இல்லை.

அவனைச் சுற்றிக்கொண்டு போய் வேனில் ஏறினாள்.

வேன் நெடுஞ்சாலைக்கு வந்தது. பின்சீட்டில் துணியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் மோனிஷாவுக்கு ஜெர்சி மாற்றிவிட்டார்கள். புஷ்ரா அவள் தலையிலிருந்த ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவினாள்.

"எத்தினி பின்னு குத்தியிருக்காங்கடி? தலையா, தோரணமா?"

மோனிஷா சிரிக்கவில்லை. மற்றவர்களும் சிரிக்கவில்லை.

சுகரா பேகம் சௌமியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மோனிஷா சொன்னா. எல்லாத்தையும் சொன்னா." கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்சியா?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் சௌமியாவுக்குக் கண்ணீர் வந்தது.

வாலாஜாபேட்டை மைதானத்தில் வெயில் ஏறியிருந்தது. எதிரணி அரக்கோணம். உயரமான பெண்கள், ஓட்டத்தில் கெட்டிக்காரிகள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மோனிஷா நடுக்களத்தில் பந்தைக் கோட்டை விட்டாள். அங்கிருந்து இரண்டே பாஸ். புஷ்ரா பாய்ந்தும் பயனில்லை. அரக்கோணம் ஒரு கோல்.

கோட்டுக்கு வெளியே நின்ற சௌமியா கத்த வேண்டும். 'பின்னாடி வா, ஆளப் புடி, மேல ஏறு' என்று எப்போதும் தொண்டை கட்டும்வரை கத்துகிறவள். இன்று விசிலை விரல்களில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றாள். ஏதாவது சொன்னால் மோனிஷா செய்வாள். அந்த எண்ணமே அவளை ஊமையாக்கியது.

இடைவேளையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுகரா பேகம் ஆரஞ்சுச் சுளைகளை உரித்துக் கொடுத்தார். எல்லோரும் சௌமியாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் மோனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. உனக்கு இன்னிக்கு ஆட மனசில்லன்னா உக்காந்துக்கோ. வேற பொண்ண எறக்கறேன். நான் கோவிச்சிக்க மாட்டேன். ஜெயிக்கணும்னு கூட அவசியமில்ல. நீ சொல்றதுதான். இன்னிக்கு மட்டுமில்ல, இனிமே நான் எது கேட்டாலும் உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லணும். புரியுதா?"

மோனிஷா மூக்கை ஜெர்சியில் துடைத்தாள். மைதானத்தைப் பார்த்தாள்.

"ஆடறேன் மிஸ்."

"நான் கேக்கறேன்னா?"

"இல்ல மிஸ். எனக்கு ஆடணும்."

இரண்டாம் பாதியில் அந்தப் பெண் வேறு ஆளாக இருந்தாள். இடப்பக்கம் பந்தை வாங்கினாள், ஒருத்தியை ஏமாற்றினாள், இன்னொருத்தி சட்டையைப் பிடித்து இழுத்தும் விழவில்லை. கோணம் சரியில்லை என்று சௌமியா நினைப்பதற்குள் அடித்துவிட்டாள். பந்து கம்பத்தின் உட்பக்கத்தில் பட்டு வலைக்குள் போனது. சமன்.

அப்புறம் நெடுநேரம் இரண்டு பக்கமும் முட்டி மோதினார்கள். கடைசியில் ஒரு கார்னர். மோனிஷா அடித்த பந்து அரக்கோணத்துத் தடுப்பாட்டக்காரி ஒருத்தியின் தோளில் பட்டுத் திசை மாறி உள்ளே விழுந்தது. அழகான கோல் இல்லை. ஆனால் ரெஃப்ரீ கோல்தான் என்று நடுக்கோட்டைக் காட்டினார்.

ஆட்டம் முடிந்த விசில் ஊதியதும் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அலறினார்கள். கோல் கம்பத்திலிருந்து புஷ்ரா மைதானத்தின் மொத்த நீளத்தையும் ஓடி வந்தாள். சுகரா பேகம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாஷா அல்லா, மாஷா அல்லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கோப்பையை வாங்கி, போட்டோ எடுத்து, பெண்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது சௌமியா போனைப் பார்த்தாள். வசந்த் பல தடவை கூப்பிட்டிருந்தான். பூவரசன் ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை.

கொஞ்சம் தள்ளி, மைதானத்துச் சுவரோரம் போய் வசந்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, மேட்ச் இன்னாச்சு?"

"ஜெயிச்சிட்டோம் வசந்த்."

"நல்லது அண்ணி." மூச்சு வாங்கியது அவனுக்கு. "அண்ணி, நான் ஒண்ணு பண்ணிட்டேன். நீங்க போனதும் அம்மா விடல. பொண்ணு சாயங்காலம் வரட்டும், வந்ததும் பூ வெச்சிட்டுத்தான் போவோம்னு அங்கயே உக்காந்துட்டாங்க. அவங்கப்பாவும் சரின்னுட்டாரு. எனக்கு வேற வழி தெரியல. வெளிய வந்து கொழந்தைங்களுக்கான உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணிட்டேன்."

சௌமியா சுவரில் சாய்ந்தாள். "நீயா?"

"நான்தான். என் பேர் சொல்லல அண்ணி. அதிகாரிங்க வந்தாங்க, போலீசும் வந்தது. எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்துட்டாங்க. அம்மா, அண்ணன், பொண்ணோட அப்பா அம்மா, எல்லாரும் உள்ள இருக்காங்க. நான் வெளிய நிக்கறேன். நீங்கதான் போன் பண்ணீங்கன்னு அம்மா கத்திகினு இருக்காங்க. நான் இன்னும் சொல்லல." குரல் கம்மியது. "பயமா இருக்கு அண்ணி."

எல்லோரும் தன் பேரைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பெண் கேட்பதற்கும் அதுதான், காட்டிக்கொடுத்ததற்கும் அதுதான். சௌமியாவுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பு இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"வசந்த், நீ பண்ணது சரி. காலையில நானே அத பண்ணியிருக்கணும். வாயால மெரட்டிட்டு வந்துட்டேன். ஆனா உள்ள போய் நீதான்னு சொல்லிடு. இன்னிக்கு என் பேர்ல நடந்தது போதும்."

 "சொல்லிடறேன் அண்ணி" என்றான் அவன். "அந்த அதிகாரி மேடம் பொண்ணு எங்கன்னு கேக்கறாங்க. நம்பர் அனுப்பறேன். நீங்களே பேசிடுங்க."

நம்பர் வந்தது. சௌமியா ஒரு நிமிடம் வேனைப் பார்த்தாள். கோப்பை ஜன்னல் ஜன்னலாகக் கைமாறிக்கொண்டிருந்தது. மோனிஷா புஷ்ராவின் தோளில் சாய்ந்திருந்தாள். இன்றைக்கு இந்தப் பெண் எங்கே தூங்குவாள்? நான் எங்கே தூங்குவேன்?

நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் நிதானமான பெண் குரல்.

"மேடம், என் பேரு சௌமியா. பி.இ.டி. டீச்சர். ஃபுட்பால் கோச். நீங்க தேடற பொண்ணு மோனிஷா என்கூட வாலாஜாபேட்டையில இருக்கா. பத்தரமா இருக்கா. எங்க கூட்டி வரணும்னு சொல்லுங்க, கூட்டி வர்றேன்."

 மறுமுனையில் யாரிடமோ ஏதோ சொல்லும் சத்தம்.

"சௌமியா. பூவரசனோட மனைவிதான?"

"ஆமா மேடம்."

"மேடம், பொண்ணோட அப்பா இப்ப எங்ககிட்ட சொன்னது என்னன்னா, இந்தச் சம்பந்தத்த பேசி அனுப்பினதே நீங்கதான். உங்க கொழுந்தனுக்காக ஸ்கூல்லயே பொண்ணப் பார்த்து வெச்சது நீங்கதான்னு சொல்றாரு. உங்க மாமியாரும் அதையேதான் சொல்றாங்க."

"அது பொய் மேடம்! எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். வேணும்னா என் வீட்டுக்காரரக் கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும்."

"கேட்டேன்."

சௌமியா காத்திருந்தாள். 

"ஆமான்னு சொல்லிட்டாரு மேடம். நீங்க கேட்டுத்தான் வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினாராம்."

மைதானம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்தது போல் இருந்தது. "மேடம், நான்..." என்று சௌமியா தொடங்கினாள். 

"அதனால பொண்ண நீங்க எங்கயும் கூட்டிப் போக வேணாம். இருக்கற எடத்துலயே இருங்க. எங்க வண்டி கிளம்பிடுச்சு" என்றது அந்தக் குரல். போன் துண்டிக்கப்பட்டது.

பின்னால் வேன் இன்ஜின் உறுமியது. மோனிஷாவோடும் பெண்களின் பாட்டுச் சத்தத்தோடும் அது மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. கோச்சும் பின்பக்கம் ஏறிவிட்டதாக டிரைவர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"நிறுத்துங்க!"

இரண்டு கைகளையும் தூக்கியபடி சௌமியா ஓடினாள்.